ஏரம்பர் வழக்காடி வென்ற மண்

ஏழாலையில் வழக்கு என்றால் ஏரம்பர், ஏரம்பர் என்றால் வழக்கு. மல்லாகத்தில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவரிடம் முப்பது வருஷம் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். அயலானின் மாடு வேலி பாய்ந்ததா, பனை எல்லை தாண்டிச் சாய்ந்ததா, கிணற்றில் பங்கு அரைவாசியா கால்வாசியா, எல்லாவற்றுக்கும் முறைப்பாடு எழுதிய கை அவருடையது. வழக்கு வென்றால் பிரக்கிராசியார் கெட்டிக்காரர் என்று ஊர் சொல்லும். தோற்றால் ஏரம்பர் எழுதியதில் பிழை என்று பிரக்கிராசியார் சொல்லுவார். இந்தப் பங்கீட்டில் முப்பது வருஷம் குறை சொல்லாமல் இருந்த மனிதருக்கு, இளைப்பாறிய பின் ஒரேயொரு ஆசை மிஞ்சியிருந்தது. சாவதற்கு முன் ஏதாவதொரு பொருளில் தம்முடைய பெயர் வெட்டப்பட்டிருக்க வேண்டும். கோயில் மணியில் வெட்டுவிக்க வசதி போதாது. வாசிகசாலை அலுமாரியில் வெட்டுவிக்கலாம் என்று பார்த்தால், மலாயாவில் இருந்து வந்தவன் ஒருவன் முந்திவிட்டான்.

அந்த வேளையிலேதான் வலிகாமத்து விவசாயச் சங்கங்கள் எல்லாம் கூடி, சிறந்த வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு வெள்ளிக் கோப்பை என்று அறிவித்தன. வென்றவர் பெயர் அதில் வெட்டப்படும்.

"எழுதி வையுங்கோ," என்றார் ஏரம்பர் வாசிகசாலையில் வைத்து. "கோப்பையிலை என்ரை பேர்தான்."

வாசிகசாலைத் தலைவர் கந்தப்பர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணை, உங்கடை வளவிலை கீரை கூட முளைக்கிறேல்லை எண்டு வீட்டிலை பூரணமக்கா சொன்னவ."

"அது விஞ்ஞானம் வரமுன்னம்."

விஞ்ஞானம் தேயிலைத் தோட்டத்துரையிடம் வேலை பார்த்த உறவினர் ஒருவரின் பெட்டிக்குள் இருந்து வந்தது. தடித்த இங்கிலீசுப் புத்தகம். ஆறு மாதம் மழையும் மற்ற ஆறு மாதம் தூறலுமாக இருக்கிற ஒரு தேசத்தில் இருந்துகொண்டு யாரோ ஒரு துரை எழுதியது. அங்கே பெய்கிற மழை மண்ணில் உள்ள சுண்ணாம்பை எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடுமாம். மண் புளித்துப் போகுமாம். புளித்த மண்ணுக்குச் சுண்ணாம்பு போடவேண்டுமாம். முதல் அதிகாரத்திலேயே இவ்வளவும் இருந்தது. மற்ற அதிகாரங்களுக்குப் போக வேண்டிய தேவையை ஏரம்பர் காணவில்லை. வழக்கின் சாரம் முதற் பந்தியில் இருக்கும் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

சான்று இல்லாமல் எதிரியைத் தண்டிக்கிற மனிதரல்லர் அவர். மண் புளிக்கிறதா என்று பார்க்க நீலக் கடதாசி ஒன்று வேண்டுமென்று புத்தகம் சொன்னது. ஏழாலையில் நீலக் கடதாசிக்கு எங்கே போவது? காலையில் பழஞ்சோற்றுக்கு மோர் விட்டுக் கரைத்துக் குடித்துவிட்டு நேரே வளவுக்குப் போய், ஒரு சிட்டிகை செம்பாட்டு மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். புளித்தது.

"பூரணம்! மண் புளிக்குது!"

"இஞ்சாருங்கோ, வாயைக் கொப்பளிச்சுப்போட்டுத் தின்னுங்கோ," என்றாள் மனைவி பூரணம், விளக்குமாற்றை நிறுத்தாமலே.

பூரணத்தின் விளக்குமாற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விடியற்காலை அவள் கூட்டிய முற்றத்தில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம் என்று அயலில் பேச்சு. முற்றத்தோடு நிற்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. வேம்பும் பூவரசும் பலாவும் உதிர்த்த சருகெல்லாவற்றையும் வீட்டுக்குப் பின்னாலுள்ள கோடிப்புறம் வரை கூட்டிக்கொண்டு போய், வேலியில் நாய் நுழைகிற அளவு ஓட்டையாகக் கிடந்த பொட்டினூடாக அயல் வளவுக்குள் தள்ளிவிடுவாள். குப்பை தன் வளவில் கிடந்தால் மூதேவி. அயல் வளவில் கிடந்தால் அயலாளுக்கு மூதேவி. இந்தச் சமய நுட்பம் அறியாத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. பத்துப் பதினைந்து வருஷமாக ஏரம்பர் வளவு மண் வெயிலுக்கு மேனியைக் காட்டிக்கொண்டு, வழித்த மொட்டைத் தலைபோல் மினுங்கியது.

அந்த மொட்டைத் தலையில்தான் ஏரம்பர் சூளையில் இருந்து பனையோலைக் கடகம் கடகமாகச் சுண்ணாம்பு கொண்டுவந்து கொட்டினார். ஒரு முழம் தோண்டினால் மண்வெட்டி சுண்ணாம்புக் கல்லில் நெருப்புப் பறக்க மோதுகிற ஊர். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் வயிற்றுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு அடை பிடிக்கிற ஊர். அந்த ஊரில் சுண்ணாம்பை விலை கொடுத்து வாங்கித் தரையில் கொட்டிய முதல் மனிதர் என்ற பெருமைக்காகவே ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம். கொத்தும்போது வெளியே வந்த மண்புழுக்களை, "வேரைத் தின்னுகிற எதிரிகள்" என்று பொறுக்கிக் கோழிக்குப் போட்டார். கோழிகள் விஞ்ஞானத்தை மனதார வரவேற்றன.

கத்தரிக் கன்றுகள் அதை வேறுவிதமாக வரவேற்றன. குருத்திலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இன்னும் புளிக்கிறது போலும் என்று ஏரம்பர் மேலும் இரண்டு கடகம் சுண்ணாம்பு போட்டார். இலை முழுவதும் மஞ்சளாயிற்று.

வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. அயல் வளவுச் சின்னாச்சி. பூரணத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை, புருஷன் மலாயாவில்.

"என்ன அத்தான், கத்தரிக்கு மஞ்சள் காமாலையோ? கீழ்காய்நெல்லி அரைச்சுக் குடுத்துப் பாத்தனியளோ?"

"உனக்கு உது விளங்காது மச்சாள். மண்ணிலை புளிப்பு இறங்குற அடையாளம்."

"இறங்கட்டும், இறங்கட்டும். கன்றும் சேர்ந்து இறங்காமல் பாருங்கோ."

சின்னாச்சி சோம்பல்காரி என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. முன் முற்றத்தைக் கூட்டுவாள், அதுவும் நல்ல நாள் பெருநாளில். கோடிப்புறத்தில் விளக்குமாறு பட்டதை எவரும் கண்டதில்லை. "குனிஞ்சால் நாரி நோகுது," என்பாள். அக்கா தள்ளிய சருகு கிடந்தபடி கிடந்தது. அடுப்புச் சாம்பலைத் தவிர, சட்டியில் மிஞ்சியது, மரக்கறித் தோல், மாட்டுச் சாணம், எல்லாம் குசினிக் கதவால் எறியப்பட்டு விழுந்த இடத்தில் கிடந்தன. அந்தக் குப்பையிலே எறிந்த விதையில் முளைத்த கத்தரி, இடுப்பளவுக்கு நின்று காய்த்தது. அதைச் சின்னாச்சி கவனித்ததாகவும் தெரியவில்லை. கறிக்குக் காய் வேண்டும்போது கையை நீட்டினாள், அவ்வளவுதான்.

கோப்பைக்கு நாள் நெருங்கிவரவே, சுன்னாகத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் மண்ணைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போவதாகக் கேள்விப்பட்டு ஏரம்பர் போனார். போதனாசிரியரின் பெயர் பஞ்சலிங்கம். தொப்பி போட்ட இளைஞர். தொப்பியைக் கழற்றினால் விஞ்ஞானம் போய்விடும் என்பதுபோல மண்டபத்துக்குள்ளும் அதைக் கழற்றாமல் பேசினார்.

"சபையோரே, மண் என்பது தூசி அன்று. அது உயிருள்ளது. சருகு உக்கும்போது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் அதை உண்டு, மண்ணைக் கறுப்பாக்கி, பஞ்சுபோல் ஆக்குகின்றன. அந்தப் பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஒரு மரத்தின் சருகு ஒரு குடும்பத்தின் சொத்து!"

சொத்து என்ற சொல் காதில் விழுந்ததும் ஏரம்பர் எழுந்துவிட்டார். சொத்து என்றால் உரிமை; உரிமை என்றால் வழக்கு. வேம்பு யாருடையது? தம்முடையது. சருகு யாருடையது? தம்முடையது. அந்தக் கறுத்த மண்? செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே நடந்தார். பிரசங்கத்தின் மறுபாதி மண்டபத்துக்குள் நடந்தது. மண்ணை அடிக்கடி புரட்டக் கூடாது, வெயிலில் காயப்போடக் கூடாது, மண்புழு உழவனின் கூலியில்லாத வேலையாள், நம்முடைய ஊர் மண்ணுக்குச் சுண்ணாம்பு நஞ்சு என்றெல்லாம் பஞ்சலிங்கம் சொன்னபோது ஏரம்பர் மல்லாகச் சந்தியைத் தாண்டிவிட்டார்.

வந்ததும் முதல் வேலையாக வேலிப் பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்தார். அடுத்ததாகக் கந்தப்பரைக் கூட்டிவந்தார், மத்தியஸ்தத்துக்கு.

கந்தப்பர் நடுநிலை தவறாதவர். ஆகையால் அடைத்த கிடுகை அகற்றி, பொட்டை இன்னும் கொஞ்சம் விலக்கி, நாற்காலியின் இரண்டு கால் ஏரம்பர் வளவிலும் இரண்டு கால் சின்னாச்சி வளவிலும் இருக்கும்படி போட்டு, வேலிக்குள் உட்கார்ந்தார். வேலிக் கிளுவை முள் இரண்டு பக்கமும் சமமாகக் குத்தியது.

"சொல்லுங்கோ அண்ணை, என்ன முறைப்பாடு?"

ஏரம்பர் தொண்டையைச் செருமினார். "வேம்பு என்ரை. சருகு என்ரை. சருகு உக்கி வந்த மண்ணும் என்ரை. பாலிலை இருந்து வந்த நெய் மாட்டுக்காரனுக்குத்தானே? மச்சாளின்ரை கோடியிலை ஒரு சாண் ஆழத்துக்குக் கிடக்கிறது என்ரை சொத்து. அதை நான் அள்ள வேணும்."

"நீ என்ன சொல்லுறாய் பிள்ளை?"

"அப்ப குப்பையோடை வந்த பூரானும் அத்தானின்ரைதானே?" என்றாள் சின்னாச்சி. "போன மாரியிலை என்ரை குதிக்காலிலை கடிச்சது. அத்தானின்ரை சொத்து என்னைக் கடிச்சதுக்கு ஆர் பொறுப்பு?"

"பூரான் வேறை வழக்கு. அதை இதுக்குள்ளை கொண்டு வராதை," என்றார் கந்தப்பர். பிறகு ஏரம்பர் பக்கம் திரும்பி, "இந்தச் சருகு அங்காலை போனது எப்பிடி? தானமோ, இரவலோ, களவு போனதோ?"

"கை தவறிப் போனது."

குசினிக்குள் இருந்து பூரணத்தின் குரல் வந்தது. "ஆர் கை தவறினது? நான் பதினைஞ்சு வருஷமா நாரி முறியக் கூட்டித் தள்ளினது! ஒரு நாளாவது தவறினதோ எண்டு கேளுங்கோ!"

ஏரம்பரின் வழக்கு ஆட்டம் கண்டது. சொந்தச் சாட்சியே கவிழ்த்த வழக்குகள் பலவற்றை அவர் மல்லாகத்தில் கண்டிருக்கிறார்; ஒன்றில்கூடச் சாட்சி உள்ளே புட்டு அவித்துக்கொண்டிருக்கவில்லை.

காப்பாற்றியவள் சின்னாச்சியே. "சரி அத்தான், ஒரு பாத்தி அளவுக்கு அள்ளிக்கொண்டு போங்கோ. ஆனா பொட்டை அடைக்கப்படாது. அக்கா முந்தி மாதிரித் தள்ள வேணும்."

அள்ளிய குழியை நிரப்ப ஏதாவது வேண்டுமே, தான் குனிந்து மண் வெட்ட முடியாதே என்பதற்கு அப்பால் சின்னாச்சி எதையும் யோசிக்கவில்லை. ஏரம்பரோ, விசர் பிடித்த மனிசி, நெய்யைக் கொடுத்துவிட்டு மோர் கேட்கிறாள் என்று உள்ளுக்குள் சிரித்தார். கந்தப்பர் அதையே தீர்ப்பாகச் சொல்லிவிட்டு வேட்டியை முள்ளில் இருந்து கழற்றினார்.

மண் வந்து சேர்ந்தது. கறுத்து, ஈரமாய், மழை விட்டபின் வருகிற வாசத்தோடு. இப்படியே பரப்பிக் கன்று நட்டிருந்தால் இந்தக் கதை இவ்விடத்தில் கோப்பையோடு முடிந்திருக்கும். ஆனால் விஞ்ஞானி ஒருவர் அயல் வீட்டு மண்ணை அப்படியே ஏற்பாரா? முதலில் அதைப் பனம்பாயில் பரப்பி ஒரு கிழமை வெயிலில் காயவைத்தார், கிருமி சாகவென்று. பின் உலக்கையால் இடித்தார், கட்டி உடையவென்று. பின் அரிதட்டில் அரித்தார். உக்காத சருகு, வேர், புழு எல்லாம் மேலே நின்றன. அவற்றைக் குப்பை என்று பொட்டு வழியே சின்னாச்சிக்குத் திருப்பி அனுப்பினார். கீழே விழுந்த மா போன்ற தூளில், முன்னெச்சரிக்கையாக, சுண்ணாம்பைக் கலந்தார். நூல் பிடித்துப் பாத்தி கட்டினார். பாத்தியைச் சுற்றிச் சீமெந்துக் கட்டை வைத்து வெள்ளை பூசினார். ஒவ்வொரு கன்றுக்கும் பலகையில் இங்கிலீசுப் பெயர் எழுதிக் குத்தினார். பார்க்கப் புதிதாய்க் கட்டிய கல்லறை மாதிரி இருந்தது.

பார்வையிட வந்தவர் பஞ்சலிங்கமே. தொப்பியோடு சைக்கிளில் இறங்கினார். வாசிகசாலைக்காரர் எல்லாரும் பின்னால். பூரணம் அன்று மூன்றாம் முறையாக முற்றத்தைக் கூட்டிவிட்டு, புது விளக்குமாற்றோடு கோடிப்புறத்தில் ஒதுங்கி நின்றாள்.

பஞ்சலிங்கம் பாத்தியருகே குந்தினார். கத்தரிக் கன்றைப் பார்த்தார். அது இவரைப் பார்த்து மஞ்சளாகச் சிரித்தது. ஒரு பிடி மண்ணை எடுத்து அமுக்கினார். விரலிடுக்கால் மாவாகக் கொட்டுண்டது.

"ஒரு தேசிக்காய் கிடைக்குமோ?"

குசினியில் சருவப் பாத்திரம் நிறையச் சர்பத்துக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்ததால் தேசிக்காய் உடனே கிடைத்தது. பஞ்சலிங்கம் அதைப் பாதியாய் வெட்டி மண்ணில் பிழிந்தார். மண் சுர்ரென்று நுரைத்தது.

"ஐயோ, பொங்குது!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் கையைக் கூப்பியும் விட்டார்.

ஏரம்பர் நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியளோ ஐயா? உள்ளுக்குள்ளை எவ்வளவு புளிப்பு இருந்தால் இப்பிடிப் பொங்கும்!"

"புளிப்பு தேசிக்காயிலே இருக்கிறது ஐயா," என்றார் பஞ்சலிங்கம். "பொங்கியது சுண்ணாம்பு. நம்முடைய மண்ணுக்குக் கீழே பாறையே சுண்ணாம்புக் கல். அது புளித்ததில்லை, புளிக்கப் போவதுமில்லை. சுண்ணாம்பு மிஞ்சினால் வேர் மண்ணிலுள்ள இரும்பை எடுக்க முடியாமல் இலை இப்படி வெளுக்கும். எவ்வளவு போட்டீர்கள்?"

ஏரம்பர் எண்ணிக்கையை மறந்துவிட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக.

பஞ்சலிங்கம் பாத்தியின் ஓரத்தில் அரிதட்டுக்குத் தப்பிய ஒரு கறுத்த கட்டியைக் கண்டெடுத்தார். முகர்ந்தார். முகம் மாறியது. "இது இந்த வளவு மண் இல்லை. இது எங்கே இருந்து வந்தது?"

"அது சட்டப்படி என்ரை ஐயா," என்றார் ஏரம்பர், உயிர் திரும்பியவராய். "கந்தப்பர் சாட்சி. அயல் வளவிலை கிடந்தது, சருகு என்ரை."

"அயல் வளவா? உடனே பார்க்க வேண்டும்! கோப்பைக்குரிய மண் அங்கேதான் இருக்கிறது போலும்." பொட்டை நோக்கி நடந்தார்.

ஏரம்பர் குறுக்கே நின்றார். கோப்பை கையை விட்டுப் போகிறது என்பது அவருக்கு விளங்கிற்று. ஆனால் மண்ணுக்கு உரியவர் பெயரும் சேர்த்து வெட்டப்படலாம் என்று ஒரு சிறு நம்பிக்கை எஞ்சியிருந்தது. அதைச் சட்டப் பிழை ஒன்றால் கெடுத்துக்கொள்ள அவர் தயாராயில்லை. "பொட்டாலை போறது அத்துமீறல் ஐயா. ஒழுங்கையாலை சுத்தி, படலையாலைதான் போகவேணும்."

அரசாங்கத் தொப்பி வேலிக்குள் நுழையாது என்பதும் உண்மையே. ஊர்வலம் ஒழுங்கையால் சுற்றிக்கொண்டு புறப்பட்டது.

பொட்டு ஆளைவிட வேகமானது. பூரணம் பொட்டில் வாயை வைத்து, "பிள்ளை சின்னாச்சி! துரையாக்கள் உன்ரை கோடிக்கு வாறாங்கள்!" என்று கூப்பிட்டாள்.

சின்னாச்சி குசினிக்குள் இருந்து ஓடிவந்தாள். "ஐயோ அக்கா! இந்தக் குப்பையை எப்பிடிக் காட்டுறது? ஊர் என்ன சொல்லும்? மலாயாவுக்கு எழுதிப்போடுவாங்களே!"

தங்கையின் மானம் அக்காவின் மானம். பூரணம் விளக்குமாற்றோடு பொட்டுக்குள்ளால் புகுந்தாள். பிறகு நடந்ததை ஒரு படையெடுப்பு என்று சொல்லலாம். நாரி நோகிற சின்னாச்சி ஒரு பக்கத்தால், பூரணம் மறு பக்கத்தால், பதினைந்து வருஷச் சருகையும் வாரிச் சுருட்டி, பாதி உக்கியதையும் பிறாண்டி எடுத்து, நடுவில் குவித்தார்கள். குவித்ததை எங்கே ஒளிப்பது? பொட்டால் தள்ள முடியாது. அந்தப் பக்கம் அக்கா வீடு. சின்னாச்சி அடுப்புக் கொள்ளியை எடுத்து வந்தாள்.

பஞ்சலிங்கம் படலையைத் திறந்தபோது புகை அவரை வரவேற்றது. இருமிக்கொண்டே கோடிப்புறம் வந்தார். தரை வழித்துத் துடைத்த தட்டுப்போல் கிடந்தது. வேர் வெளியே தெரிய, கத்தரிச் செடிகள் வெயிலில் தலை தொங்கி நின்றன. நடுவில் சருகு கொழுந்துவிட்டு எரிந்தது. இரண்டு பெண்களும் மூச்சிரைக்க, முகமெல்லாம் கரியும் பெருமையுமாய் நின்றார்கள்.

"இப்ப வடிவாப் பாருங்கோ ஐயா," என்றாள் சின்னாச்சி. "ஒரு துரும்பு கிடந்தால் என்னைக் கேளுங்கோ."

பஞ்சலிங்கம் அன்றுதான் முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினார்.

"என்ரை சருகு!" என்று ஏரம்பர் அலறினார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கோப்பை பண்டத்தரிப்புக்குப் போயிற்று, செபஸ்தியம்மா என்ற ஒருத்திக்கு. அவள் வாழையடிச் சருகைக் கூட்டாமல் விட்டிருந்தாளாம். விட்டது விஞ்ஞானம் அறிந்தா, கோழி அங்கே அடை கிடந்ததாலா என்று சங்கம் விசாரிக்கவில்லை. கோப்பையில் அவள் பெயரை வெட்டினார்கள்.

ஏரம்பர் சோர்ந்துவிடவில்லை. அடுத்த நாளே கந்தப்பரை மறுபடி வேலிக்குள் உட்காரவைத்து, எரிந்தது தம்முடைய சருகு, ஆகவே சாம்பலும் தமக்கே என்று வாதாடினார். கந்தப்பருக்கு முள்ளில் இருந்து சீக்கிரம் எழும்பினால் போதுமென்றிருந்தது, ஓம் என்றுவிட்டார். சின்னாச்சி கடகமும் கொடுத்தாள். புளிப்பைப் போக்குவதில் சுண்ணாம்புக்குச் சளைக்காத அத்தனை சாம்பலையும் ஏரம்பர் சுமந்துவந்து, சுண்ணாம்புப் பாத்தியிலேயே கொட்டினார். மிச்சமிருந்த இரண்டு கன்றும் அந்தக் கிழமைக்குள் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

"இஞ்சாருங்கோ," என்றாள் பூரணம், "வழக்கு வெண்டாச்சுத்தானே. இனிக் கறிக்குக் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வாங்கோ."

ஏரம்பர் உமல் பையை எடுத்துக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனார். காய் விற்கிற மனிசி, நிறுத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா ஏழாலையோ? உந்தச் சாம்பல் ஏரம்பர் எண்டுறது நீங்களே?"

ஏரம்பர் சால்வையைச் சரிசெய்தார். சந்தையில் நின்ற எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "ஓம், நான்தான்," என்றார்.